பள்ளிமுனை மரமும் வங்காலைப் பறவைகளும்: வெளியில் பார்த்து எண்ணெய் வர்ணம் தீட்டும் முறை

சித்திரப் பாடத்தில் 'கிராமியக் காட்சி' என்று கேட்டால், நம் மாணவியரில் அநேகர் இரண்டு மலை, நடுவே சூரியன், ஓர் ஆறு, ஓலைக் குடிசை என்று வரைந்து தருகிறார்கள். மன்னார்த் தீவில் மலை ஏது, ஆறு ஏது? நம்முடைய காட்சி தட்டையான மணல், பனை, களப்பு, வீதியோரம் நிற்கும் கழுதைகள். இவை படத்தில் வராததற்குக் காரணம் திறமைக் குறைவல்ல; வெளியே பாராமல் புத்தகத்தைப் பார்த்து வரைவதுதான்.

எண்ணெய் வர்ணப் படத்தை வெளியிலேயே முடிக்க வேண்டியதில்லை. வெளியில் சிறிய குறிப்புப் படம், வீட்டில் பெரிய படம் என்பது பழைய வழி. வெளியிலேயே தீட்டியவர்களும் உண்டு. இங்கிலாந்துப் பெண்மணி மரியான் நோர்த் (1830–1890) உலகம் சுற்றி, தாவரங்களை அவை வளரும் இடத்திலேயே எண்ணெய் வர்ணத்தில் தீட்டினார். இலங்கைக்கும் வந்தார், தஞ்சாவூரில் பெருக்கமரங்களைத் தீட்டினார். இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவில் 1882இல் திறக்கப்பட்ட அவரது கூடத்தில் 800க்கு மேற்பட்ட படங்கள் உள்ளன.

அதே இன மரம் மன்னார் நகரை அடுத்த பள்ளிமுனையில் நிற்கிறது. அரபு வணிகர் நட்டதாகச் சொல்வார்கள். சுற்றளவு ஏறத்தாழ 19.5 மீற்றர், உயரம் 7.5 மீற்றர். சுற்றளவை 3.14ஆல் வகுத்துப் பாருங்கள்: அடிமரத்தின் குறுக்களவு 6 மீற்றருக்கு மேல். உயரத்துக்கும் அகலத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மாணவியர் கை பழக்கத்தினால் அதை மாமரம்போல ஒல்லியாக்கிவிடும். ஆகவே முதலில் கிட்டத்தட்டச் சதுரமான ஒரு பெட்டியை மெல்லிய கோட்டால் போட்டு, அதற்குள் மரத்தை அடக்குங்கள்.

6க்கு 8 அங்குல ஹார்ட்போட் துண்டு போதும். வெள்ளை அடிப்பூச்சின் மேல் முதல் நாளே பழுப்பு வர்ணத்தை மெல்லியதாகப் பூசிக் காயவிடுங்கள். நம் வெயிலில் வெள்ளைப் பலகை கண்ணைக் கூசச்செய்து, நிறத்தைத் தவறாகக் கணிக்க வைக்கும். டியூப்கள் ஆறு போதும்: வெள்ளை, அல்ட்ராமரைன் நீலம், லெமன் மஞ்சள், மஞ்சட்காவி, சுட்ட சியன்னா, ஒரு சிவப்பு. பச்சை வாங்காதீர்கள், பனையோலையின் சாம்பல் கலந்த பச்சை எந்த டியூபிலும் இல்லை. பெருக்கமரப் பட்டையின் சாம்பல் நிறம் அல்ட்ராமரைனும் சியன்னாவும் வெள்ளையும் சேர்ந்தால் வரும்.

காலை 7 மணிக்கு முன் தொடங்குங்கள். நிழல் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் முதலில் நிழலின் வடிவத்தைப் போட்டுவிட்டு, பிறகு அதை மாற்றவே கூடாது. 45 நிமிடத்தில் தூரிகையை வைத்துவிடுங்கள். சோளகக் காற்றுக் காலத்தில் ஈர வர்ணத்தில் மணல் ஒட்டும். அந்த மாதங்களில் பென்சிலோடு போவதே புத்தி.

வாடைக் காலம் பறவைகளுக்குரியது. வங்காலைச் சரணாலயம் 2008இல் அறிவிக்கப்பட்டு, 2010இல் ராம்சார் ஈரநிலமானது. அங்கே வர்ணப்பெட்டி வேண்டாம். தொலைநோக்கியும் பென்சிலும் போதும். பூநாரைக் கூட்டத்தை நெருங்காதீர்கள். கிளப்பிவிட்டால் படமும் போகும், அவற்றின் இரையும் கெடும். உடலை முட்டை வடிவமாகப் பிடியுங்கள். காலின் நடுவில் பின்பக்கம் மடிவது முழங்கால் அல்ல, கணுக்கால். நிறம் உண்ணும் இரையிலிருந்து வருவது. இளம் பறவை சாம்பலாகவே இருக்கும். எல்லாவற்றுக்கும் ரோசா நிறம் அடித்தால் அது பொம்மைக் கூட்டம்.

உயிருள்ளவற்றை வரைவதில் சில வீடுகளில் தயக்கம் உண்டு. மாணவி அதை மறைத்து வரையக் கூடாது. உம்மாவிடமும் வாப்பாவிடமும் பேசட்டும். முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அவையில் உஸ்தாத் மன்சூர் பறவைகளை நுட்பமாக வரைந்தார். அவருடையதெனக் கருதப்படும் டோடோ படம் இருக்கிறது, டோடோ இன்று உலகில் இல்லை. இந்த உதாரணத்தைக் கேட்ட பின்னும் வீட்டார் வேண்டாமென்றால், களப்பும் வானமும் பனையும் ஓர் ஆயுளுக்குப் போதுமான பாடம்.

குறிப்புப் படத்தின் பின்புறம் இடம், திகதி, நேரம் எழுதுங்கள். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட நம் குடும்பங்களில் பலவற்றுக்குப் பழைய ஊரைக் காட்ட ஒரு புகைப்படம்கூட மிஞ்சவில்லை. வாப்பும்மா "கிணற்றடியில் பூவரசு நின்றது" என்று சொல்லக் கேட்டுத்தான் புத்தளத்தில் பிள்ளைகள் வளர்ந்தார்கள். கரை இப்போதும் மாறுகிறது. தென்கரையில் 2020இல் எழுந்த 30 காற்றாலைகளைச் சிலர் அழகு கெடுமென்று விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், இருப்பதை வரையுங்கள்.

பெரிய படத்துக்கு வீட்டில் ஜன்னலோர இடம் வேண்டும். முதற் பூச்சில் டர்பன்டைன், மேற்பூச்சுகளில் லின்சீட் எண்ணெய் சற்றுக் கூடுதலாக. முறை மாறினால் மேற்பூச்சு முந்திக் காய்ந்து பின்னர் வெடிக்கும். வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். பெற்றோருக்கு ஒரு வார்த்தை: டர்பன்டைன் ஆவி தலைவலி தரும், அறையில் காற்றோட்டம் இருக்கட்டும். லின்சீட் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குவித்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம்; வெளியே கொடியில் விரித்துக் காயவிடுங்கள்.