ஆழிப்பேரலை அறிவிப்பும் சாக்கெட் நிரல் நூலகமும்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை, சுமத்ராத் தீவையடுத்த கடலடியில் பெரும் பூகம்பம் நேர்ந்தது. அதனாலெழுந்த ஆழிப்பேரலை தமிழகக் கரையை அடைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பிடித்தது. எனினும் கரையோர மக்களுக்கு முன்னறிவிப்பு ஏதும் கிட்டவில்லை. இக்குறையை நீக்கும்பொருட்டு, ஹைதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தில் 2007 அக்டோபரில் முன்னெச்சரிக்கை நிலையம் நிறுவப்பெற்றது.

4,000 மீட்டர் ஆழமுள்ள கடலில் ஆழிப்பேரலை மணிக்குச் சுமார் 700 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். பூகம்ப அதிர்வோ பூமியினுள் வினாடிக்குப் பல கிலோமீட்டர் கடப்பது. முன்னறிவிப்பு இயல்வது இவ்வேக வேற்றுமையினாலேயே. ஆயினும், பல நாடுகளிலுள்ள பூகம்பமானிகளின் பதிவுகள் உடனுக்குடன் வந்து சேர்ந்தாலன்றி இதனாற் பயனில்லை.

பூகம்பத்தின் இடத்தையும் அளவையும் கணிக்க இந்நிலையத்தார் கையாண்ட மென்பொருள்களுள் ஒன்று, ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் உருவான ‘சைஸ்காம்ப்’ ஆகும். அது பதிவுகளைப் பெறும் தொடர்பு முறைக்குச் ‘சீட்லிங்க்’ என்று பெயர்.

இரு கணிப்பொறிகள் வலையமைப்பின் வழியே செய்தி பரிமாறுவதற்கு அமைந்த வாயில், சாக்கெட் எனப்படும். 1983இல் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட யூனிக்ஸ் பதிப்பின் மூலம் இம்முறை பரவலாயிற்று. டி.சி.பி. முறைச் சாக்கெட், பைட்டுகளை வரிசை பிறழாமற் கொணரும். ஆனால் கால்வாய் நீருக்குக் குடக்கணக்கு இல்லாததுபோல, ஒரு செய்தி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதை அது காட்டாது. அன்றியும், தொலைவில் இணைப்பு அறுந்தால், வெறுமனே காத்திருக்கும் நிரல் அதனை அறியாது நெடுநேரம் காத்திருத்தல் கூடும்.

இவ்விடர்களை ஒவ்வொருவரும் தாமே தீர்க்க வேண்டாதபடி, ‘லிப்ஸ்லிங்க்’ என்னும் நிரல் நூலகம் சி மொழியில் எழுதப்பட்டுள்ளது. சீட்லிங்க் மூன்றாம் பதிப்பில் ஒவ்வொரு பொதியும் 520 பைட்டுகள் கொண்டது. அவற்றுள் 8 தலைப்புக்கும் 512 பதிவுக்கும் உரியன. நூலகம் துண்டு துண்டாக வருவனவற்றைச் சேர்த்து, முழுப் பொதியாக நிரலிடம் அளிக்கிறது. குறித்த காலத்துள் ஒன்றும் வராவிடில் இணைப்பைத் துண்டித்து மீண்டும் இணைக்கிறது.

தலைப்பிலுள்ள வரிசை எண் இங்கே இன்றியமையாதது. இறுதியாகப் பெற்ற எண்ணை நூலகம் கோப்பில் குறித்துவைக்கும். எடுத்துக்காட்டாக, 41ஆம் பொதிக்குப்பின் இணைப்பு அறுந்ததெனக் கொள்வோம். மீண்டும் இணைந்ததும் 42 முதல் அனுப்புமாறு நூலகம் கேட்கும். இதனால் அதிர்வுப் பதிவில் இடைவெளி நேராது.

எனினும் இதற்கோர் எல்லை உண்டு. அனுப்பும் கணிப்பொறி பழைய பொதிகளைக் குறிப்பிட்ட அளவே சேமித்து வைக்கும். தடை நீடித்தால் அவை அழிந்துபோகும். காலங்கடந்து வரும் பதிவு ஆராய்ச்சிக்கு உதவுமேயன்றி எச்சரிக்கைக்கு உதவாது. ஆகவே, ஒரு நிலையத்தையே நம்பாது பல நிலையங்களிலிருந்தும் பதிவுகளைப் பெறுதலும், ஒரு வழி தடைப்பட்டால் மறுவழி ஆயத்தமாயிருத்தலும் அவசியமாகின்றன. நிரல் நூலகம் இழந்த பொதியை மீட்டுத் தரலாம். இழந்த நிமிடத்தை மீட்டுத் தர இயலாது.