நோய் போச்சு, பயம் போகலையா?

இந்த மாதப் பாடம்: உடல் நலமும் மன நலமும்



டைபாய்டு, காலரா, சீதபேதி எல்லாம் நம்ம பக்கத்துக்குப் புதுசு இல்லை. 1992-ல் சென்னையில் தலைகாட்டிய புதுவகைக் காலராக் கிருமி அப்போதே வேலூரிலும் கண்டறியப்பட்டது. 2017 முதல் 2020 வரை நடந்த ஓர் ஆய்வில், வேலூர் நகரக் குழந்தைகளிடம் டைபாய்டு அதிகமாக இருப்பது தெரிய வந்தது. ஆகவே, ஒரு முறை படுத்து எழுந்தவர் தண்ணீரைக் கண்டு யோசிப்பதில் தவறில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை அண்டாது என்பார்களே!

ஆனால் குணமாகி மாசக்கணக்கான பிறகும் சிலருக்குப் பயம் விடுவதில்லை. சந்தா பணத்தை எண்ணியதும் ஓடிப்போய் மூன்று தடவை கை கழுவுவார்கள். ஷூ கம்பெனிக்குப் போனால் சாயங்காலம் வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். கஞ்சியும் ரசமும் தவிர வேறு எதையும் தொட மாட்டார்கள். இதனால் உடம்பு இளைக்கிறது, கை வெடிக்கிறது, நீர்க்கடுப்பு வருகிறது. நோய் போயும் நோயாளியாகவே வாழ்கிறோம்.

எவ்வளவு சுத்தம் போதும்?

டைபாய்டு, காலராக் கிருமிகள் மலத்தில் இருந்து தண்ணீர், உணவு, கை வழியாக வாய்க்குள் போகின்றன. வாய்க்குள் போகும் வழியை அடைத்தால் போதும்.

1. கழிப்பறை போய் வந்த பிறகும், குழந்தைக்கு மலம் கழுவி விட்ட பிறகும், சமைப்பதற்கு, சாப்பிடுவதற்கு, ஊட்டுவதற்கு முன்பும் சோப்பு போட்டு 20 விநாடி கழுவ வேண்டும். ஒரு தடவை நன்றாகக் கழுவினால் போதும்.
2. குடிதண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்து, மூடி வைத்தால் போதும்.
3. சாப்பாடு சூடாக இருந்தால் பயமில்லாமல் சாப்பிடலாம்.

காய்கறியைப் பினாயிலில் கழுவுவது, பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை ஆசிட்டையும் கலப்பது ஆபத்து. கலந்தால் விஷப்புகை வரும். டேனரி நாற்றமும் தண்ணீரின் உப்பும் குடல் நோய்க் கிருமி அல்ல. கொதிக்க வைத்தாலும் உப்பு போகாது. அது வேறு பிரச்சினை, ஊராகச் சேர்ந்து கேட்க வேண்டியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "அவங்க வீட்டுத் தண்ணி வேணாம்" என்று சாதி பார்த்து ஒதுக்குவதற்குக் கிருமி ஒரு சாக்கு ஆகிவிடக் கூடாது.

பயம் எப்படி வளர்கிறது?

பயம் வருகிறது, கை கழுவுகிறோம், மனசு ஆறுகிறது. "கழுவினதாலதான் தப்பிச்சேன்" என்று மனசு கற்றுக்கொள்கிறது. அடுத்த தடவை ஒன்று போதாது, இரண்டு வேண்டும், பிறகு ஐந்து. பயத்துக்கு நாமே தீனி போடுகிறோம்.

வயிறும் ஒரு காரணம். கடுமையான குடல் நோய்க்குப் பிறகு ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு மாதக்கணக்கில் வயிறு உப்புசம், வலி, மலப்போக்கில் மாற்றம் இருக்கலாம். அது பெரும்பாலும் புதிய கிருமி அல்ல, குடல் தேறுவதற்கு எடுத்துக்கொள்ளும் காலம். டைபாய்டுக்கான வைடால் ரத்தப் பரிசோதனையும் குணமான பிறகு பல மாதம் 'பாசிட்டிவ்' காட்டலாம். அதைத் திரும்பத் திரும்ப எடுப்பதால் பணமும் போகும், பயமும் கூடும்.

ஆனால் இவற்றை அலட்சியம் செய்யக் கூடாது: மறுபடி காய்ச்சல் (டைபாய்டு சில வாரத்தில் திரும்பலாம்), மலத்தில் ரத்தம், நிற்காத வாந்தி, சிறுநீர் குறைவது, எடை இறங்கிக்கொண்டே போவது. உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

படிப்படியாகப் பழகுவோம்

பயப்படும் விஷயங்களை எழுதுங்கள். குறைவான பயம் முதலில், அதிகமான பயம் கடைசியில். முதல் விஷயத்தில் இருந்து தொடங்குங்கள்.

உதாரணம்: பணம் எண்ணிய பிறகு 5 நிமிடம் கழுவாமல் இருங்கள். கையை வாயில் வைக்க வேண்டாம், அவ்வளவுதான். பயம் ஏறும், பிறகு தானாக இறங்கும். அடுத்த வாரம் 10 நிமிடம், பிறகு அரை மணி. கடைசியில், சாப்பிடும் முன் ஒரு தடவை மட்டும். அதேபோல வீட்டில் கொதிக்க வைத்த தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுபோய்க் கம்பெனியில் குடிப்பது, பக்கத்து வீட்டில் சூடான இட்லி ஒன்று சாப்பிடுவது என்று போகலாம். ஒரு படி பழகிய பிறகே அடுத்த படி.

வீட்டார் "பைத்தியமா உனக்கு?" என்று கேட்கக் கூடாது. "ஒண்ணும் ஆகாது" என்று நாளுக்குப் பத்து தடவை சொல்வதும் உதவாது. "பயமாத்தான் இருக்கும், கொஞ்ச நேரம் கூட உக்காந்திருக்கேன்" என்றால் போதும்.

தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கழுவுவதிலேயே போனால், சாப்பாடும் தூக்கமும் வேலையும் கெட்டால், அது மன நோயாக இருக்கலாம். சிகிச்சை உண்டு, குணமாகும். டெலி-மானஸ் 14416 எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். அரசு மனநல மருத்துவர் எங்கே, எந்த நாளில் பார்ப்பார் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது.

குழுக் கூட்டத்தில் பேச

1. நோய்க்குப் பிறகு கூட்டத்துக்கு வராமல் போனவர் நம் குழுவில் உண்டா? யார் போய்ப் பார்ப்பது?
2. கை கழுவ வேண்டிய வேளைகள் எவை? ஒவ்வொருவரும் ஒன்று சொல்லுங்கள்.
3. ஊர்த் தொட்டியை எப்போது கழுவினார்கள், குளோரின் போடுகிறார்களா? கிராம சபையில் கேட்கத் தீர்மானம் போடுவோமா?

தண்ணீர் பயத்தை ஒருத்தி தனியாகச் சுமந்தால் அது நோய். ஊர்த் தண்ணீரைக் குழுவாகச் சேர்ந்து கவனித்தால் அது பாதுகாப்பு.