தனி ஆளாகப் படம் எடுக்க ஒரு வெள்ளை அட்டை



நம் குழுக்களில் ஊறுகாய், மசாலாப் பொடி, பனை ஓலைப் பெட்டி, சேலை என்று பலவும் விற்கிறோம். கண்காட்சிக்குக் கொண்டு போனால் வாங்குகிறவர் கையில் எடுத்துப் பார்ப்பார். வாட்ஸ்அப்பில் அவர் பார்ப்பது படத்தை மட்டும்தான். ஒரு பக்கம் இருட்டடித்துக் கிடந்தால் "பழைய சரக்கோ?" என்று தோன்றும். நிறம் மாறித் தெரிந்தாலோ சேலை திரும்பி வரும், கூரியர் செலவு குழுவின் தலையில் விழும்.

இருட்டடிப்பதற்குப் பெரும்பாலும் போன் காரணம் இல்லை. வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வருவதுதான் காரணம். போட்டோக்காரருக்குப் பக்கத்தில் ஒருவர் வெள்ளியாய் மினுங்கும் தட்டியைப் பிடித்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் ரிஃப்ளெக்டர். வரும் வெளிச்சத்தை மறுபக்கம் திருப்பி அனுப்பும். நாமோ அடுப்பு வேலைக்கு நடுவில் தனியாக எடுக்கிறோம், பிடிக்க ஆள் ஏது? தானாக நிற்கிற அட்டையாகச் செய்துகொள்ள வேண்டியதுதான்.

மளிகைக் கடை அட்டைப்பெட்டியில் ஒரு முழம் அகலம், ஒரு முழம் உயரத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒரு பக்கம் வெள்ளைச் சார்ட் பேப்பர் ஒட்டுங்கள். இரண்டையும் ஒரு ஓரத்தில் மட்டும் டேப் போட்டு இணைத்தால் பாதி திறந்த புத்தகம் மாதிரி நிற்கும். காற்றுக்குச் சாய்ந்தால் பின்னால் ஒரு செங்கல். உயரத்தில் வேண்டுமென்றால் நாற்காலி முதுகில் துணி கிளிப் போட்டு மாட்டலாம். செலவு சார்ட் பேப்பர் காசுதான்.

இனி வைக்கும் இடம். ஜன்னல் இடது பக்கம் என்றால் பொருளுக்கு வலது பக்கம் அட்டை. ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இரண்டு வெளிச்சம் கலந்தால் நிறம் கெடும். நேர் வெயில் விழுந்தால் ஜன்னலில் மெல்லிய வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள். போனைச் செங்கல்லில் சாய்த்து நிறுத்தி, திரையில் தெரியும் பொருளின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். பல போன்களில் வெளிச்ச அளவு அப்படியே பூட்டிக்கொள்ளும். பூட்டாவிட்டால் நீங்கள் அட்டையை நகர்த்த நகர்த்த போனும் தன் கணக்கை மாற்றிக்கொண்டே இருக்கும், எது எதனால் என்று புரியாது.

இப்போது திரையைப் பார்த்துக்கொண்டே அட்டையைக் கிட்டே கொண்டு வாருங்கள். நிழல் மெல்ல மெல்லக் கரையும். நிழல் முழுதும் போகக் கூடாது, லேசாக இருக்கணும். அதுதான் பொருளுக்கு உருவம் கொடுக்கிறது. அட்டையின் ஓரம் படத்துக்குள் வந்துவிடாமலும் பாருங்கள். பிறகு டைமரை மூன்று விநாடிக்கு வைத்துத் தட்டினால் போன் ஆடாது.

ஓலைப் பெட்டிக்கு அட்டையைத் தள்ளியே வையுங்கள். கிட்டே வந்தால் முடைச்சல் சப்பையாகத் தெரியும், நம் கைவேலையே அங்கேதானே இருக்கு! ஊறுகாய் பாட்டிலுக்கு வேறு முறை. ஜன்னல் பாட்டிலுக்குப் பின்னால் சற்று ஓரமாக இருக்கட்டும், அட்டை முன்பக்கம் எதிர் ஓரத்தில். பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் நல்லெண்ணெய் மினுங்கும், லேபிளும் படிக்கத் தெரியும்.

சிலர் அலுமினிய ஃபாயில் ஒட்டுகிறார்கள். அது வெளிச்சத்தைப் பளிச்சென்று அடிக்கும், கண்ணாடியில் வெள்ளைத் திட்டு விழும். ஒட்டுவதானால் கசக்கி விரித்து ஒட்டுங்கள். என்னைக் கேட்டால் வெள்ளையே போதும். வண்ண அட்டை மட்டும் வேண்டவே வேண்டாம், அதன் நிறம் பொருளில் ஏறும். நீங்கள் கட்டியிருக்கும் சிவப்புச் சேலையும் அப்படித்தான். வெள்ளை ஜாக்கெட் துணியைப் படம் எடுக்கும்போது ஒட்டி நின்றால் துணி ரோஸாகத் தெரியும். வெளிர் நிறப் புடவை கட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இரண்டு அடி தள்ளி நில்லுங்கள்.

குழு உறுப்பினரின் முகத்தைப் படம் எடுக்கும்போது இன்னும் சுலபம். வாசல் நிழலில் வெளியே பார்த்து உட்கார வைத்து, அட்டையை அவர் மடியிலேயே படுக்கையாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கண்ணுக்குக் கீழ் விழும் கருநிழல் குறையும். மார்புக்கு மேல் மட்டும் எடுத்தால் அட்டை தெரியாது.