உப்பைக் குறைத்தால் வலிப்பு குறையுமா?

வலிப்பு நோய்க்கு மருந்து உட்கொள்வோரின் குடும்பத்தினர் எம்மிடம் அடிக்கடி எழுப்பும் ஐயம் ஒன்று உண்டு: "இம்மாத்திரை மூளையில் சோடியத்தைத் தடுக்கிறது என்கிறார்கள், அப்படியானால் உணவில் உப்பைக் குறைத்துவிடலாமா?" விடை காண, நரம்பிழை செயற்படும் முறையை முதலில் அறிவோம்.

மூளையின் நரம்பிழைகள் சிலவற்றை மயலின் என்னும் கொழுப்புறை சூழ்ந்துள்ளது. வேறு பலவற்றுக்கு அவ்வுறை இல்லை. இரு வகை இழைகளின் சுவரிலும் சோடியம் வாயில்கள் எனப்படும் நுண்ணிய புரதங்கள் உள்ளன. உறையுள்ள இழையில் அவை உறையின் இடைவெளிகளில் செறிந்துள்ளமையால் மின்துடிப்பு தாவித் தாவி விரைகிறது. உறையற்ற இழையிலோ அவை நெடுகிலும் பரவியுள்ளன. ஆகவே துடிப்பு படிப்படியாகவே நகர்கிறது.

துடிப்பு வந்தடைந்ததும் வாயில் திறக்கிறது; சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. ஏறத்தாழ 1 மில்லி விநாடியில் வாயில் தானே அடைபடுகிறது. சிறிது ஓய்வுக்குப் பின்னரே அது மீண்டும் திறக்க இயலும். கணவாய் மீனின் உறையற்ற பெரிய நரம்பிழையை ஆராய்ந்து ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி ஆகிய இருவரும் 1952-இல் இதனை விளக்கினர்.

வலிப்பின்போது நரம்பணுக்கள் பல ஒருங்கே, இடைவிடாது துடிக்கின்றன. ஃபெனிடாயின், கார்பமாசெபின் போன்ற மருந்துகள் அடைபட்ட வாயிலின் ஓய்வை நீட்டிக்கின்றன. அதனால் மிகையான துடிப்பு அடங்குகிறது; இயல்பான துடிப்போ பெரும்பாலும் தடையின்றிச் செல்கிறது.

ஆக, மருந்து செயற்படுவது வாயிலின்மீதே. உணவிலுள்ள உப்பின்மீது அன்று. உப்பைக் குறைப்பதால் அவ்வாயில்கள் அடைபடமாட்டா. மாறாக, இரத்தத்தில் சோடியம் மிகவும் தாழ்ந்தால் அதுவே வலிப்பைத் தூண்டக்கூடும். கார்பமாசெபின், ஆக்ஸ்கார்பசெபின் ஆகியவை சிலருக்கு, குறிப்பாக முதியோருக்கும் சிறுநீர் பெருக்கும் மாத்திரை உட்கொள்வோருக்கும், சோடியத்தைத் தாழ்த்துவதுண்டு. குமட்டல், தலைவலி, மிகுந்த சோர்வு, மனக்குழப்பம் ஆகியன தோன்றினால் மருத்துவரிடம் உடனே தெரிவியுங்கள். எளிய இரத்தப் பரிசோதனையால் இதனை அறியலாம்.

இரத்த அழுத்தம் முதலிய காரணங்களுக்காக உப்பைக் குறைக்கும்படி மருத்துவர் கூறியிருப்பின் அதனைத் தொடருங்கள். மற்றையோர் வழக்கமான உணவையே உண்ணலாம்.

இறுதியாக ஒன்று: வலிப்பு நின்றுவிட்டது என்று எண்ணி மாத்திரையைத் திடீரென நிறுத்தாதீர்கள். மருந்து விலகினால் வாயில்கள் மீண்டும் விரைந்து திறக்கும். அடங்கியிருந்த வலிப்பு முன்னினும் கடுமையாகத் திரும்பக்கூடும். அளவைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவரின் மேற்பார்வையில், படிப்படியாகவே நிகழவேண்டும்.