மீன்சந்தைத் திடலில் பிறந்த அமைதி

நுழையும்முன்

போர்களின் வரலாறு பெரும்பாலும் படைத்தலைவர்களின் பெயர்களைக் கொண்டே எழுதப்படுகிறது. போர் ஓய்ந்தபின் சந்தையை மீண்டும் கூட்டியவர், பள்ளிக்குப் பிள்ளைகளை அழைத்து வந்தவர், அண்டை வீட்டாரை வாக்காளர் பட்டியலில் சேர்த்தவர் ஆகியோர் ஏடுகளில் இடம்பெறுவது அரிது. மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவில், போரை நிறுத்தும் பணியிலும் நாட்டை மீட்டெடுக்கும் பணியிலும் பெண்கள் ஆற்றிய பங்கை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

சிதைந்த நாடு

அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் குடியேறிய நிலப்பகுதியே லைபீரியா. அது 1847ஆம் ஆண்டு குடியரசாக அறிவிக்கப்பட்டது. குடியேறியவர்களின் வழித்தோன்றல்களுக்கும் மண்ணின் தொல்குடியினருக்கும் இடையே நிலவிய ஏற்றத்தாழ்வு, காலப்போக்கில் ஆறாப் பகையாக வளர்ந்தது. 1980இல் படையினர் ஆட்சியைக் கைப்பற்றினர். 1989இன் இறுதியில் உள்நாட்டுப் போர் மூண்டது. இடையில் சிறிது காலம் ஓய்ந்து, 1999இல் மீண்டும் தொடங்கிய அப்போர் 2003 வரை நீடித்தது. இரு போர்களிலும் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மக்கள் மாண்டனர் எனக் கணக்கிடப்படுகிறது. சிறுவர்களின் கைகளில் துப்பாக்கிகள் திணிக்கப்பட்டன. பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளாயினர். தலைநகர் மன்றோவியாவில் மின்சாரமும் குழாய்நீரும் இல்லாமற்போயின.

திரண்ட பெண்கள்

லேமா போவீ ஒரு சமூகப்பணியாளர்; குழந்தைகளுக்குத் தாய். போரில் ஈடுபடுத்தப்பட்ட சிறுவர்களின் மனக்காயத்தை ஆற்றும் பணியில் இருந்தவர். அவரும் தோழியரும் மக்கள் கூடும் இடங்களைத் தேடிச் சென்றனர். வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசல்களுக்கும், சனிக்கிழமைகளில் சந்தைகளுக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயங்களுக்கும் சென்று பெண்களிடம் பேசினர். கிறித்தவப் பெண்களும் இசுலாமியப் பெண்களும் ஒரே அணியில் சேர்ந்தனர்.

2003 ஏப்ரலில், மன்றோவியாவின் மீன்சந்தை அருகேயுள்ள திடலில் அப்பெண்கள் அமர்ந்தனர். அதிபர் சார்லஸ் டெய்லரின் வாகனங்கள் செல்லும் பாதை அது. வெண்ணிற உடை உடுத்தி, அணிகலன்களைத் தவிர்த்து, வெயிலிலும் மழையிலும் நாள்தோறும் அங்குக் கூடினர். உடனடிப் போர்நிறுத்தம், பேச்சுவார்த்தை, பன்னாட்டு அமைதிப்படையின் வருகை ஆகிய மூன்றே அவர்களின் கோரிக்கைகள். அதிபரையும் நேரில் சந்தித்து, அவற்றை அவர்முன் வைத்தனர்.

அடைபட்ட கதவு

2003 ஜூன் மாதம் கானா நாட்டில் அமைதிப் பேச்சு தொடங்கியது. வாரங்கள் பல கடந்தும் முடிவு எட்டப்படவில்லை. மன்றோவியாவில் குண்டுகள் வீழ்ந்துகொண்டிருந்தபோது, அக்ரா நகரின் அரங்கில் தலைவர்கள் பதவிகளைப் பங்கிடுவது பற்றி வாதிட்டுக்கொண்டிருந்தனர்.

ஜூலையில் ஒருநாள், பெண்கள் அவ்வரங்கின் வாயிலில் கைகோத்து அமர்ந்தனர். உடன்பாடு காணாமல் எவரும் வெளியேற இயலாது என்றனர். காவலர்கள் போவீயைக் கைதுசெய்ய வந்தனர். தாய்மையுற்ற பெண்ணொருத்தி பொதுவிடத்தில் தன் ஆடையைத் தானே களைவது, அதைக் காண்போர்க்குப் பெருஞ்சாபம் என்பது அப்பகுதி மக்களின் நம்பிக்கை. போவீ அதற்கும் துணிந்தார். காவலர்கள் பின்வாங்கினர். நடுவராக இருந்த நைசீரிய முன்னாள் ஆட்சித் தலைவர் அப்துல்சலாமி அபுபக்கர் பெண்களிடம் பேசினார். பேச்சில் முன்னேற்றம் இல்லையெனில் மீண்டும் வருவோம் எனக் கூறியே அவர்கள் எழுந்தனர். ஆகஸ்ட் 11இல் டெய்லர் பதவி விலகினார். ஆகஸ்ட் 18இல் அமைதி உடன்படிக்கை கையெழுத்தானது.

கையெழுத்துக்குப் பின்

உடன்படிக்கை எழுதப்பட்டதும் பெண்கள் வீடு திரும்பியிருக்கலாம். ஆனால், அவர்கள் திரும்பவில்லை. 2003 டிசம்பரில் ஆயுதங்களை ஒப்படைக்கும் பணி தொடங்கியபோது, எதிர்பார்த்ததைவிடப் பெருந்தொகையினர் திரண்டதால் கலவரம் மூண்டது; பணி நிறுத்தப்பட்டது. பெண்கள் போராளிகளைச் சந்தித்துப் பேசி, அமைதிப்படுத்த உதவினர். 2004 ஏப்ரலில் மீண்டும் தொடங்கிய அத்திட்டத்தின்கீழ் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பதிவு செய்தனர். அவர்களுள் பெண்களும் சிறுமியரும் இருந்தனர் என்பது கருதத்தக்கது. பெண்கள் இயல்பிலேயே மென்மையானவர்கள். ஆதலால் அமைதியை நாடுகின்றனர் என்னும் கருத்து இங்குப் பொருந்தாது. லைபீரியப் பெண்களின் வெற்றிக்குக் காரணம், அவர்களின் திட்டமிட்ட ஒருங்கிணைப்பும் தளராத உழைப்புமே ஆகும்.

2005 தேர்தலுக்கான வாக்காளர் பதிவிலும் இதுவே நிகழ்ந்தது. கடையையும் கைக்குழந்தையையும் விட்டுச்செல்ல இயலாத சந்தைப் பெண்கள் பதிவுக்குச் செல்லவில்லை. இயக்கப் பெண்கள் அவர்களின் கடைகளைக் கவனித்து, குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, அவர்களைப் பதிவு மையங்களுக்கு அனுப்பினர். பதிவுசெய்த வாக்காளர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் பெண்களாயினர்.

ஆட்சிப் பொறுப்பில்

அத்தேர்தலில் பொருளியல் அறிஞரும் முன்னாள் நிதியமைச்சருமான எலன் ஜான்சன் சர்லீஃப் வென்றார். 2006 ஜனவரியில் பதவியேற்ற அவர், ஆப்பிரிக்காவில் தேர்தல்வழி நாட்டின் தலைவரான முதல் பெண் ஆவார். அவ்வாண்டு ஜூலையில் மன்றோவியாவின் சில தெருக்களில் விளக்குகள் மீண்டும் எரிந்தன. தொடக்கக்கல்வி கட்டணமற்றதாக்கப்பட்டது. பாலியல் வன்முறைக்கு எதிரான சட்டம் கடுமையாக்கப்பட்டது. சந்தைகளைப் புதுப்பிக்க நிதியம் அமைந்தது. 2010இல் 400 கோடி டாலருக்கும் மேற்பட்ட வெளிநாட்டுக் கடன் நீக்கப்பட்டது.

தெரியுமா?
ஐக்கிய நாடுகள் அவையின் அமைதிப் பணியில், முழுவதும் பெண் காவலர்களைக் கொண்ட முதல் அணியை அனுப்பிய நாடு இந்தியா. ஏறத்தாழ 100 பெண் காவலர்களைக் கொண்ட அவ்வணி 2007இல் லைபீரியா சென்றது. 2016 வரை அடுத்தடுத்த அணிகள் அங்குப் பணியாற்றின. அவர்களைக் கண்டு, காவல்துறையில் சேர லைபீரியப் பெண்கள் பலர் முன்வந்தனர்.

எஞ்சிய பணி

2011ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசு சர்லீஃப், போவீ, ஏமன் நாட்டின் தவக்குல் கர்மான் ஆகிய மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. எனினும், மறுஆண்டே போவீ, அரசின் நல்லிணக்கப் பணிப் பொறுப்பிலிருந்து விலகினார். அதிபரின் மகன்கள் உயர்பொறுப்புகளில் அமர்த்தப்பட்டதை அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். போரை எதிர்த்த அதே குரல், தாம் துணைநின்ற ஆட்சியின் குறையையும் சுட்டிக்காட்டத் தயங்கவில்லை. நாட்டைக் கட்டியெழுப்புவோர்க்கு இத்துணிவும் இன்றியமையாதது.

நாடாளுமன்றத்தில் பெண்களின் எண்ணிக்கை இன்றும் குறைவே. ஆயினும், 2018 ஜனவரியில் சர்லீஃப் தம் பொறுப்பை, தேர்தலில் வென்ற ஜார்ஜ் வியாவிடம் ஒப்படைத்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு ஆட்சி அமைதியாகக் கைமாறியது, அந்நாட்டில் எழுபது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப்பின் அதுவே முதன்முறை. துப்பாக்கியால் ஆட்சி மாறிய மண்ணில் வாக்குச்சீட்டால் ஆட்சி மாறியது. அதற்கான வித்து, மீன்சந்தைத் திடலில் வெயிலில் அமர்ந்திருந்த பெண்களால் ஊன்றப்பட்டது.

கற்பவை கற்றபின்...

1. பெண்களின் அமைதிப் பணி அவர்களின் இயல்பால் அமைந்ததா, ஒருங்கிணைப்பால் அமைந்ததா? பாடக்கருத்தின் வழி விளக்குக.
2. உடன்படிக்கை கையெழுத்தானபின்னும் பெண்கள் ஆற்றிய பணிகளை வரிசைப்படுத்துக.
3. 'அமைதி என்பது போர் இல்லாமை மட்டுமன்று' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.