சித்திரையில் வந்து பார்

அன்புள்ள கண்ணு,

உன் கடிதமும் கூட வைத்திருந்த மூன்று இடங்களின் படங்களும் கிடைத்தன. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது, அதற்குள் நிலம் வாங்கிக் குதிரைகள் இரண்டையும் ஊர்ப்பக்கம் கொண்டுவந்துவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். உன் அத்தை அன்றைக்கே அக்கம்பக்கத்தில் நாலு பேரிடம் சொல்லிவிட்டாள். எனக்கும் மனசு நிறைந்துதான் இருக்கிறது. அதனால்தான் முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதே என்று முதலிலேயே சொல்லத் தோன்றுகிறது.

உனக்கு இப்போது 56. உன் சின்னக் குதிரைக்கு ஏழு வயது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் குதிரை 25 வருஷம், 30 வருஷம்கூட இருக்கும். அதற்கு 27 வயதாகும்போது உனக்கு 76. இன்றைக்கு இருக்கிற கைகாலுக்கு ஏற்ற இடத்தைத் தேடுகிறாய் நீ. நான் அந்த 76 வயதுக்காரிக்காக எழுதுகிறேன். எனக்கு இப்போது 73, ஆகவே அவளை எனக்குக் கொஞ்சம் தெரியும்.

கோத்தகிரி வேண்டாம். குளிர் குதிரைக்குக் கெடுதல் இல்லை, சரிவுதான் கெடுதல். சமமாக ஒரு ஏக்கர் கிடைப்பதே அங்கே அபூர்வம். கட்டுத்தரை போடுவதற்கும் மலைப்பகுதி அனுமதிகளுக்கு அலைய வேண்டும். ஆனைமலை அடிவாரம் கண்ணுக்குக் குளிர்ச்சியான இடம், மறுக்கவில்லை. ஆனால் தென்னை நிற்கிற நிலத்துக்குத் தென்னையின் விலை சொல்வார்கள், உனக்கு வேண்டியதோ புல். ஈரத்திலேயே நிற்கிற குதிரைக்குக் குளம்பு அழுகும். யானை நடமாட்டம் வேறு.

மிஞ்சுவது மூலனூர்ப் பக்கம் பார்த்த அந்தப் பன்னிரண்டு ஏக்கர். பகுதி சரியானதுதான். காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் சுற்றுவட்டாரத்தில் இருக்கிற கொறங்காடு, மேய்ச்சலுக்காகவே நம் முன்னோர் வைத்திருந்த மானாவாரி நிலம். கொழுக்கட்டைப் புல், நடுவில் அங்கங்கே வெள்வேல மரம், சுற்றிலும் முள்ளுக்கிளுவை உயிர்வேலி. காங்கயம் மாடும் மேச்சேரி ஆடும் தலைமுறை தலைமுறையாக மேய்ந்த மண். ஐப்பசி மழை ஒன்று இறங்கட்டும், செத்துக் கிடந்த தூர் பத்து நாளில் பச்சை கட்டிவிடும். கிளுவை வேலி எங்கே இருந்தாலும் அதை வெட்டிவிட்டு முள்கம்பி போட்டுவிடாதே. முள்கம்பியில் நெஞ்சைக் கிழித்துக்கொண்ட குதிரையை நான் பார்த்திருக்கிறேன், தைக்கவே தோல் மிஞ்சவில்லை.

இந்தப் புல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்தியூர்ச் சந்தையில் வாங்கிவந்த என் கத்தியவார் பெட்டையை முதல் இரண்டு வருஷம் கொறங்காட்டிலேயே விட்டிருந்தேன். உடம்பு பிடித்தது, மினுமினுப்பும் வந்தது. ஒருநாள் கடிவாளப் பட்டையைப் போடும்போது வழக்கமான துளைக்குக் கொக்கி எட்டவில்லை. கன்னத்தைத் தடவினேன். கண்ணுக்கும் மூக்குக்கும் இடையில் இரண்டு பக்கமும் எலும்பு மேடு தட்டியிருந்தது. மருத்துவர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: கொழுக்கட்டைப் புல்லில் ஆக்சலேட் இருக்கிறது, அது புல்லிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். மாட்டின் வயிற்றில் இருக்கிற நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டை உடைத்துவிடுகின்றன, குதிரைக்கு அப்படிப்பட்ட வயிறு கிடையாது. புல்லில் கிடைக்காத சுண்ணாம்பை உடம்பு தன் எலும்பிலிருந்தே உருவிக்கொள்ளும், அந்த இடம் வீங்கும். அன்றிலிருந்து அரை ஏக்கரில் குதிரை மசால் போட்டு, தாது உப்பும் சேர்த்துக் கொடுத்துவருகிறேன். பால்மாட்டுக்குப் போடுகிற கம்பு நேப்பியர் புல்லிலும் இதே சங்கதி உண்டு. ஆகவே நீ வாங்கும் இடத்தில் மசால் விளைவிக்க அரை ஏக்கருக்காவது பாசன வசதி இருக்க வேண்டும். அது இல்லாத பன்னிரண்டு ஏக்கர் உனக்குப் பயன்படாது.

தீவனக் கணக்கை நீயே போட்டுப் பார். 400 கிலோ குதிரைக்கு நாளுக்கு எட்டு கிலோ உலர்தீவனம் என்று வைத்தால், இரண்டுக்கும் வருஷத்துக்கு ஏறக்குறைய ஆறு டன். எங்கள் காட்டில் ஐப்பசியிலிருந்து தை வரை மேய்ச்சல், மாசி பிறந்துவிட்டால் பெரும்பாலும் விலைக்குத்தான். இன்னும் எட்டு ஏக்கர் இருந்தாலும் பங்குனியில் அந்த எட்டும் காய்ந்துதான் கிடக்கும். ஆகவே நாலைந்து ஏக்கர் வாங்கு. மிச்சப் பணத்தில் வைக்கோற்போர் நனையாமல் அடுக்க ஒரு கொட்டகையும் நல்ல தொட்டியும் கட்டு.

தண்ணீர் விஷயத்தில் விற்பவர் வாய்வார்த்தையை நம்பாதே. குதிரை ஒன்று முப்பது நாற்பது லிட்டர் குடிக்கும், வெயிலில் இன்னும் கூடும். பக்கத்துத் தோட்டத்துப் போர் எத்தனை அடி, எந்த மாதம் வற்றும் என்று வேலை செய்கிறவர்களிடம் கேள். ஒரு பாட்டில் பிடித்துப்போய் உப்பின் அளவு சோதித்துவிடு, லிட்டருக்கு ஆயிரம் மில்லிகிராமுக்குள் இருந்தால் கவலையில்லை. நொய்யல் கரையோரம் யாராவது மலிவாகக் காட்டினால் இரண்டு முறை சோதி. 1992ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் பாசனத் தண்ணீருக்குப் பதில் சாயக்கழிவு தேங்கிய கதை உனக்குத் தெரியும். 2011ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகும் அந்த உப்பு மண்ணை விட்டுப் போய்விடவில்லை.

அந்தப் பன்னிரண்டு ஏக்கர் ஏன் அவ்வளவு மலிவு? இத்தனை நாள் ஏன் விலை போகாமல் கிடக்கிறது? நான் முதலில் வாங்கிய காடும் அப்படி மலிவாகக் கிடைத்ததுதான். வண்டித்தடம் இருந்தது, அதில்தான் போய் நிலத்தையும் பார்த்தேன். கிரயமான எட்டாவது மாதம் தடத்துக்குக் குறுக்கே படல் விழுந்தது. தடம் பக்கத்து நிலத்துக்காரருடைய பட்டாவில் இருந்திருக்கிறது, என் பத்திரத்தில் வழிப்பாத்தியம் என்று ஒரு வார்த்தையும் இல்லை. அவர்மேல் தப்பே இல்லை, நான்தான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். மூன்று வருஷம் வரப்பில் தீவனத்தைத் தலையில் சுமந்துவிட்டு நஷ்டத்துக்கு விற்றேன். தீவன லாரியும் குதிரை வண்டியும் வந்து திரும்பாத இடத்தை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதே.

காகிதங்களை நம் வக்கீலிடம் கொடுத்துவிடலாம். தாய்ப்பத்திரம், 30 வருஷ வில்லங்கம், பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் எல்லாம் அவர் பார்ப்பார். கூட்டுப்பட்டா என்றால் பிரித்துக் கொடுத்த பிறகு பேசலாம். பஞ்சமி நிலமா, கோயில் நிலமா என்று தவறாமல் பார்க்கச் சொல். பஞ்சமி நிலம் 1892ல் தொடங்கி ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று கொடுக்கப்பட்டது. அதை நாம் வாங்குவது செல்லாது, வாங்க நினைப்பதும் தர்மம் இல்லை. செலவுக் கணக்கில் முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதத்தைச் சேர்த்துக்கொள். பையன் பேரில் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வெளிநாட்டில் குடியிருக்கிறவர்கள் இங்கே விவசாய நிலம் விலைக்கு வாங்கச் சட்டம் இடம் தருவதில்லை. உன் பேரில் வாங்கு, பின்னால் வாரிசாக அவனுக்கு வரட்டும்.

இனி நான் ரொம்பவும் சொல்ல நினைத்தது. போன ஐப்பசியில் ஒரு ராத்திரி பத்து மணிக்குப் பெட்டை வயிற்றுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். முன்காலால் தரையைச் சுரண்டினாள், படுத்தாள், எழுந்தாள், மறுபடி படுத்தாள். வயிற்றுவலி. மருத்துவரைப் போனில் பிடித்தேன். வரும்வரை தீவனம் காட்டாதீர்கள், உருள விடாமல் மெதுவாக நடத்திக்கொண்டே இருங்கள் என்றார். முழங்கால் அறுவை முடிந்து எனக்கு நாலு மாதம். நடத்தியது பக்கத்துக் காட்டு ஆட்டுக்காரத் தம்பி. இரண்டு மணி நேரம், மழைச் சேற்றில், கயிற்றைத் தளர விடாமல். நான் டார்ச் பிடித்துக்கொண்டு கம்பத்தில் சாய்ந்து நின்றேன். மருத்துவர் வந்து மூக்கு வழியாகக் குழாய் செலுத்தி மருந்து இறக்கினார், விடிகாலையில் சாணி போட்டாள். கண்ணு, அந்தத் தம்பி இல்லாத இடத்தில் எத்தனை ஏக்கர் இருந்து என்ன?

உன் படத்தில் அந்தப் பன்னிரண்டு ஏக்கரைச் சுற்றி ஒரு ஓடுகூடத் தெரியவில்லை. அந்தத் தனிமைதான் உனக்குப் பிடித்திருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். கொங்குப் பக்கத்தில் தோட்டத்துச் சாளைகளில் தனியாக இருந்த வயதானவர்களைக் கொன்று நகை கொண்டுபோன செய்திகளை நீயும் படித்திருப்பாய். பயமுறுத்தவில்லை, கூப்பிட்டால் குரல் கேட்கிற தூரத்தில் ஒரு வீடு இருக்கட்டும் என்கிறேன். குளம்பு சீவ ஆறு எட்டு வாரத்துக்கு ஒருமுறை ஆள் வர வேண்டும். மாட்டுக்கு லாடம் கட்டுகிறவர் இங்கே கிடைப்பார், குதிரைக் குளம்பு தெரிந்தவர் அபூர்வம். உடுமலையிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது நமக்குப் பெரிய பலம். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு என்னோடு வா. குதிரை வாங்க வேண்டாம், வைத்திருப்பவர்களிடம் யார் குளம்பு சீவுகிறார், ராத்திரியில் எந்த மருத்துவர் போன் எடுக்கிறார் என்று விசாரிப்போம். அந்தப் பெயர்கள் எந்த ஊர்ப்பக்கம் சேர்ந்து விழுகின்றனவோ அங்கே நிலம் தேடுவோம்.

வாங்குமுன் ஒரு வருஷம் குத்தகைக்கு எடுத்துப் பார். கொறங்காட்டை மேய்ச்சலுக்குக் குத்தகை விடுவது இங்கே வழக்கம்தான், எங்கள் வேலிக்குக் கிழக்கே நாலு ஏக்கர் வருகிற ஆவணியில் காலியாகிறது. உடையவரிடம் பேசி வைத்திருக்கிறேன், வேறு யாருக்கும் தர மாட்டார்.

மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு சித்திரை இரண்டாம் வாரம் வா. தை மாதம் வந்தால் எல்லாக் காடும் அழகாகத்தான் இருக்கும். மத்தியானம் இரண்டு மணிக்கே வந்துவிடு, அந்த வெயிலில் பன்னிரண்டு ஏக்கரையும் ஒருதரம் நடந்து சுற்றுவோம். நாலு மணிக்கு ஆட்டுக்காரத் தம்பி எங்கள் தொட்டிக்குத் தண்ணீர் விட வருவான், அவனோடு பேசிக்கொண்டிரு. ராத்திரிக்கு உன் அத்தை கம்பஞ்சோறு ஆக்கி வைப்பாள்.

அன்புடன்,
உன் மாமா