தெர்மோகோல் விமானம் தரும் பாடம்

எங்கள் கீழ்க்கட்டளைக்கு அருகே, குரோம்பேட்டையில் 1949-ல் தொடங்கிய எம்.ஐ.டி.யில்தான் அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். படித்ததைச் செய்து பார்க்க எனக்குக் கட்டுப்படியானது தெர்மோகோலில் செய்த ரேடியோ கன்ட்ரோல் விமானம்தான்.

மீனம்பாக்கம் விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் ஊரில் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. வெகுதூரம் தள்ளி ஒரு பொட்டலுக்குப் போனோம். திடீரென அடித்த காற்றில் விமானம் விழுந்து வால் முறிந்தது. "அவ்ளோ காசும் போச்சாடா?" என்று அம்மா கேட்டார். "மோட்டாரும் ரிசீவரும் நல்லாத்தாம்மா இருக்கு, ஒட்டினாப் போதும்" என்றேன்.

ஒட்டுவதில்தான் பாடமே இருக்கிறது. கரைப்பான் கலந்த பசை தெர்மோகோலையே கரைத்துவிடும். தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசைதான் சரி. அதையும் மெல்லியதாகத் தடவி, ஒரு நாள் காயவிட வேண்டும். ஏன் மெல்லியதாக? ஈர்ப்பு மையத்துக்கு 50 செ.மீ. பின்னால், வாலில் 5 கிராம் கூடினால் திருப்புத்திறன் 250 கிராம்-செ.மீ. மூக்கு 10 செ.மீ. முன்னால் இருந்தால், சமன்செய்ய அங்கே 25 கிராம் வேண்டும்! வால் கனத்தால் விமானம் மூக்கைத் தூக்கி, வேகம் இழந்து விழும்.

ஆகவே ஒட்டிய பிறகு, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்கு தள்ளி, இருபுறமும் விரலால் தாங்கிப் பாருங்கள். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னே நகர்த்துங்கள். எங்கள் விமானம் ஒட்டுப்போட்ட வாலோடு மறுபடி பறந்தது. உடைந்ததைத் தூக்கி எறியாதீர்கள் நண்பர்களே, கணக்குப் போட்டு ஒட்டுங்கள்!